பட்டறைத் திண்ணை: சொட்டும் இடம் வேறு, ஒழுகும் இடம் வேறு

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒழுக்குதான். ஐப்பசி மழையில் ஓட்டு வீடு ஒழுகுவதுகூட இத்தனை பேருக்கு இருக்காது போல. ஒரே மாதிரியானவற்றை ஒதுக்கிவிட்டு நான்கு கடிதங்களை மட்டும் எடுத்துக்கொண்டேன். முதல் கடிதத்துக்கே பக்கத்தில் முக்கால்வாசி போய்விட்டது. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கேள்வி: அண்ணா, வணக்கம். நான் இங்கிலாந்தில் கோவென்ட்ரியில் இருக்கிறேன். போன வருடம் ஆசைப்பட்டு 1991-ம் வருடத்து யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று வாங்கினேன். ஜப்பானிலிருந்து வந்த மஸ்டா எம்எக்ஸ்-5 தான் அது. 1.6 லிட்டர் எஞ்சின், மீட்டர் 1,48,000 கிலோமீட்டர் காட்டுகிறது. ராத்திரி நிறுத்தினால் காலையில் தரையில் உள்ளங்கை அளவுக்கு ஆயில். எஞ்சினும் கியர் பாக்ஸும் சேரும் இடத்தின் அடியில்தான் சொட்டுகிறது. பட்டறையில் "பின்பக்க கிராங்க் சீல் போய்விட்டது, கியர் பாக்ஸை இறக்க வேண்டும்" என்று பெரிய தொகை சொல்கிறார்கள். முன்பக்கமும் ஈரமாக இருக்கிறது. சீல்களை நானே மாற்ற முடியுமா? என்னென்ன வாங்கி வைக்க வேண்டும்? அம்மா போனில் "அந்தச் சனியனை விற்றுத் தொலை" என்கிறார்.
— வாசகர், கோவென்ட்ரி

பதில்: அம்மாவிடம் அப்புறம் பேசிக்கொள்ளலாம் தம்பி. முதலில் ஒன்று: கியர் பாக்ஸில் கை வைக்காதீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

ஏன் சொல்கிறேன் என்றால், அந்தக் கியர் பாக்ஸை நான் வீணாக இறக்கியவன். கோவை கணபதியில் மாமாவின் ஷெட்டில் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு வண்டிகளில் தொழில் பழகிவிட்டு (அந்த ஹெரால்டுக்குப் பிறந்த வீடு உங்கள் கோவென்ட்ரிதான், வளர்ந்த வீடு சென்னை), பிறகு லெஸ்டரில் ஒரு பட்டறையில் பல வருடம் இருந்தேன். போன புதிதில் சிவப்பு எம்எக்ஸ்-5 ஒன்று வந்தது. உங்கள் கடிதத்தில் இருக்கும் அதே புகார். பெல் ஹவுசிங் (எஞ்சினையும் கியர் பாக்ஸையும் சேர்க்கும் கூடு) அடியில் சொட்டு. பார்த்த உடனே பின் சீல் (எஞ்சினின் முக்கியத் தண்டான கிராங்க் பின்பக்கம் வெளியே வரும் இடத்தில் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம்) என்று முடிவு கட்டினேன். ஊரில் பத்து வருடம் ஸ்பேனர் பிடித்தவன் என்ற திமிர். ஆள் துணை இல்லாமல் இரண்டு நாள் மல்லாந்து படுத்து கியர் பாக்ஸை இறக்கினேன், கிளட்ச்சைக் கழற்றினேன், ஃப்ளைவீலைக் கழற்றினேன், புதுச் சீல் போட்டு ஏற்றினேன். பத்தாம் நாள் வண்டி திரும்பி வந்தது. அதே இடத்தில் அதே சொட்டு.

பட்டறைக்காரப் பெரியவர் ஒன்றும் பேசவில்லை. பல் டாக்டர் வைத்திருப்பது போன்ற ஒரு கண்ணாடியையும் டார்ச்சையும் எடுத்து வந்தார். எஞ்சின் ஹெட்டுக்குப் பின்னால், ஃபயர்வாலுக்கும் (எஞ்சினையும் நாம் உட்காரும் இடத்தையும் பிரிக்கும் தகடு) ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் சந்தில் கையை விட்டார். வெளியே எடுத்த விரலில் கறுப்பாக ஆயில். அங்கே கேம் ஆங்கிள் சென்சார் என்று ஒன்று உட்கார்ந்திருக்கிறது. கேம் என்பது வால்வுகளைத் திறக்கும் தண்டு, அது எந்த நிலையில் சுற்றுகிறது என்று சொல்வது இந்தச் சென்சார். அதன் கழுத்தில் ஒரு ஓ-ரிங். ஒரு கப் டீயின் விலைகூட இல்லாத ரப்பர் வளையம். அது வருடக்கணக்காக வெந்து வெந்து பிளாஸ்டிக் மாதிரி கெட்டியாகிவிட்டது. அங்கிருந்து வழியும் ஆயில் ஹெட்டின் முதுகில் இறங்கி, பெல் ஹவுசிங் மேல் விழுந்து, அதன் வளைவில் உருண்டு, கடைசியில் அடியில் வந்து சொட்டும். அடியில் படுத்துப் பார்க்கிறவனுக்கு அது பின் சீல் ஒழுகுவது போலவே தெரியும். அந்த இரண்டு நாள் கூலியை நான் கேட்கவில்லை. கேட்கிற முகமும் இல்லை.

அதனால் முதல் வேலை கழுவுவது. டிகிரீசர் அடித்து, பிரஷ் போட்டு, எஞ்சினை மேலிருந்து அடி வரை சுத்தமாகத் துடையுங்கள். மின்சார இணைப்புகளில் தண்ணீரைப் பீய்ச்ச வேண்டாம். காய்ந்ததும் சந்தேகப்படும் இடங்களில் குழந்தைக்குப் போடும் பவுடரைத் தூவுங்கள். இருபது நிமிடம் ஓட்டிவிட்டு வந்து டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் மேலிருந்து கீழே வரும். ஓடுகிற வண்டியில் காற்று அதை முன்னாலிருந்து பின்னால் தள்ளும். எனவே நனைந்த இடங்களில் எது எல்லாவற்றிலும் உயரமாக, எல்லாவற்றிலும் முன்னால் இருக்கிறதோ அதுதான் ஊற்று. சொட்டுகிற இடம் வெறும் கடைமடை. பவுடரில் பிடிபடவில்லை என்றால் ஆயிலில் கலக்கும் ஒளிரும் சாயமும் நீல விளக்கும் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

சொட்டிய ஆயிலை விரலில் தொட்டு முகர்ந்தும் பாருங்கள். கந்தக வாடை குப்பென்று அடித்தால் அது எஞ்சின் ஆயிலே இல்லை, கியர் ஆயில். கியர் பாக்ஸின் முன் சீல் ஒழுகுகிறது என்று பொருள்.

சென்சாரின் ஓ-ரிங்தான் காரணம் என்றால் (பந்தயமே கட்டுவேன்), பிடித்திருப்பது ஒரே ஒரு 12 மில்லி போல்ட். கழற்றும் முன் சென்சாரின் உடம்பிலும் ஹெட்டிலும் சேர்த்து ஒரு கோடு கீறி வையுங்கள். அது கொஞ்சம் திரும்பினாலும் இக்னிஷன் டைமிங் மாறிவிடும். புது வளையத்தில் ஆயில் தடவி, கோட்டுக்குக் கோடு சேர்த்து மாட்டுங்கள். பிறகு டயக்னாஸ்டிக் பெட்டியில் 'டென்', 'ஜி.என்.டி' என்ற இரண்டு முனைகளையும் ஒரு வயரால் இணைத்து, டைமிங் லைட் பிடித்து, ஐடிலில் 10 டிகிரி இருக்கிறதா என்று சரிபாருங்கள். பக்கத்தில் போகும் ஹீட்டர் ஹோஸ்களையும் அமுக்கிப் பாருங்கள். வருடக்கணக்கில் ஆயிலில் நனைந்த ஹோஸ் ஊறிப்போய் கொழகொழவென்று இருக்கும். நடு ரோட்டில் அது வெடித்தால் ஆயில் ஒழுக்கு ஒரு செல்லத் தொல்லையாகத் தெரியும்.

இன்னொன்று, சீலைத் தொடும் முன் பி.சி.வி வால்வு. எஞ்சின் ஹெட்டை மூடியிருக்கும் டாப் கவரில் செருகியிருக்கும் சின்ன வால்வு அது. எஞ்சினுக்குள் சேரும் காற்றழுத்தத்தை வெளியேற்றுவது அதன் வேலை. கழற்றி ஆட்டினால் கடகடவென்று சத்தம் வர வேண்டும். அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடி, நல்ல சீலையும் மீறி ஆயிலைத் தள்ளும். அதை மாற்றாமல் சீலை மட்டும் மாற்றுவது, குக்கர் வெயிட் அடைத்திருக்கும்போது கேஸ்கெட்டை மாற்றுவது போல.

இனி முன்பக்க ஈரம். 30 வருடத்துக்கு மேலான வண்டி, பெல்ட் எப்போது மாற்றினார்கள் என்பதற்குச் சீட்டு இல்லையென்றால் டைமிங் பெல்ட் (கிராங்க்கையும் கேமையும் இணைக்கும் பெல்ட்) வேலையோடு சேர்த்து முன் சீல்களையும் மாற்றிவிடுங்கள். கேமுக்கு இரண்டு, கிராங்க்குக்கு ஒன்று, ஆக மூன்று. எப்படியும் 1,00,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை பெல்ட் மாற்ற வேண்டியதுதான். ஆயிலில் ஊறிய பெல்ட் அதுவரைகூடத் தாங்காது. ஒரு ஆறுதல்: உங்கள் எஞ்சினில் பெல்ட் அறுந்தாலும் பிஸ்டன் வால்வில் போய் இடிக்காது. வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான்.

நீங்கள் செய்யலாமா என்றால், செய்யலாம். ரேடியேட்டர் தண்ணீரை இறக்கி, முன்னால் குறுக்கே போகும் காற்றுக் குழாயையும் பெல்ட்டுகளையும் டாப் கவரையும் டைமிங் கவர்களையும் கழற்றினால் எல்லாம் கண்ணெதிரே. பேட்டரி வயரைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். பெல்ட்டை எடுக்கும் முன் குறிகளைச் சேர்த்து வைத்து ஒரு போட்டோ எடுங்கள். கேம் புல்லி இரண்டிலும் ஐ, ஈ என்ற இரண்டு ஆங்கில எழுத்துகளும் இருக்கும், குழம்பாதீர்கள். இன்டேக் பக்கத்தில் 'ஐ' மேலே, எக்ஸாஸ்ட் பக்கத்தில் 'ஈ' மேலே. புது பெல்ட் போட்ட பின் இந்த இரண்டு குறிகளுக்கும் இடையே 19 பல் எண்ணிப் பாருங்கள். கையால் கிராங்க்கை இரண்டு முழுச் சுற்று சுற்றி மறுபடியும் எண்ணுங்கள். கேம் புல்லி போல்ட்டைக் கழற்றும்போது பெல்ட்டைப் பிடிமானமாக நம்பாதீர்கள். கேம் தண்டிலேயே ஸ்பேனர் பிடிக்க அறுகோணமாக ஓர் இடம் விட்டிருக்கிறார்கள்.

சீலை எடுப்பதில்தான் புதுக் கைகள் கெடுக்கும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பும்போது முனை தண்டில் ஒரு கீறல் போட்டால் போதும், எத்தனை புதுச் சீல் போட்டாலும் அந்தக் கீறல் வழியே ஆயில் வரும். முனையில் துணி சுற்றுங்கள், தண்டின் மேல் சாயாதீர்கள், நிதானமாக நெம்புங்கள். வெளியே வந்த பழைய சீலின் உதட்டை நகத்தால் அழுத்திப் பாருங்கள். புதுச் சீல் காது மடல் மாதிரி இருக்கும். பழையது காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி உடையும். பிறகு தண்டில் நகத்தை ஓட்டுங்கள். சீல் உட்கார்ந்த தடத்தில் நகம் மாட்டினால் பள்ளம் விழுந்திருக்கிறது. அப்போது இடம் இருந்தால் புதுச் சீலை அரை மில்லி, ஒரு மில்லி தள்ளி உட்கார வைத்தால் உதடு புதுத் தடத்தில் ஓடும். பள்ளம் பெரிதென்றால் தண்டுக்கு மேல் போடும் மெல்லிய எஃகு உறை கிடைக்கிறது.

புதுச் சீலின் உதட்டில் எஞ்சின் ஆயில் தடவுங்கள், வறட்டாகப் போடாதீர்கள். உதட்டைச் சுற்றி ஒரு மெல்லிய சுருள் வளையம் உண்டு. தட்டுகிற அதிர்ச்சியில் அது கழன்று விழும். விழுந்தது தெரியவும் தெரியாது. பின்பக்கப் பள்ளத்தில் கொஞ்சம் கிரீஸ் அப்பினால் அது நகராது. உள்ளே தள்ள சீலின் வெளி விளிம்பு அளவுக்கு ஒரு சாக்கெட் அல்லது பி.வி.சி குழாய்த் துண்டு போதும். ஒரு பக்கம் சாயாமல் சுற்றிலும் சமமாகத் தட்டி, ஹவுசிங் விளிம்போடு மட்டமானதும் நிறுத்துங்கள். டாப் கவர் பேக்கிங்கையும் புதிதாகப் போட்டு, கேம் கேப் மூலைகளில் மட்டும் பொட்டு வைத்தாற்போல் சிலிகான் வையுங்கள். தோசைக்கு நெய் ஊற்றுவது போல ஊற்ற வேண்டாம். பிதுங்கியது உள்ளே விழுந்து ஆயில் வழியை அடைக்கும்.

முன் கிராங்க் சீலில் உங்கள் வண்டிக்கென்று ஒரு கண்டம் இருக்கிறது. ஆரம்ப கால 1.6 எஞ்சினில் கிராங்க்கின் முன் மூக்கு குட்டை. 1991 வண்டிகளில் குட்டையும் வரும், நீளமும் வரும். கிராங்க் புல்லியின் நடுவில், போல்ட்டைச் சுற்றியுள்ள வெட்டுகளை எண்ணுங்கள். நான்கு என்றால் குட்டை, எட்டு என்றால் நீளம். குட்டை மூக்கில் அந்த நடு போல்ட்டைச் சரியாக முறுக்கவில்லை என்றால் புல்லி லேசாக ஆட ஆரம்பிக்கும், கீயும் (புல்லியைத் தண்டோடு பூட்டும் சின்ன உலோகத் துண்டு) கீ உட்காரும் பள்ளமும் தேயும், டைமிங் தள்ளாடும், கடைசியில் கிராங்க்கே போகும். சீல் மாற்றப் போய் எஞ்சினை மாற்றிய கதைகள் இதில் உண்டு. கழற்றியதும் கீயை விரலால் ஆட்டிப் பாருங்கள். இம்மியும் ஆடக் கூடாது. திரும்பப் போடும்போது டார்க் ரெஞ்ச் கட்டாயம்: குட்டை மூக்குக்கு 108 முதல் 118 நியூட்டன் மீட்டர், நீள மூக்குக்கு 157 முதல் 167. இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். போல்ட்டைக் கழற்ற ஸ்டார்ட்டரை அடித்து உதறும் வித்தையும் வேண்டாம்.

இத்தனையும் முடித்து, ஒரு மாதம் ஓட்டி, அப்போதும் பெல் ஹவுசிங் அடியில் மட்டும் சொட்டினால், ஹெட்டின் முதுகு காய்ந்திருந்தால், அப்போது பின் சீலை நம்பலாம். கிளட்ச் வழுக்குவதும் உதறுவதும் அதற்குக் கூடுதல் சாட்சி. அந்த வேலையைத் தரையில் ஜாக்கி ஸ்டாண்டு வைத்து ஒற்றை ஆளாகச் செய்யாதீர்கள். எம்எக்ஸ்-5-ல் கியர் பாக்ஸையும் பின்னால் உள்ள டிஃபரன்ஷியலையும் ஒரு நீள அலுமினியச் சட்டம் இணைக்கிறது, அதையும் கழற்ற வேண்டும். திரும்ப மாட்டும்போது அதன் உயரம் சரியில்லை என்றால் வண்டி அதிரும். லிஃப்ட் உள்ள இடத்தில் கொடுங்கள். கொடுக்கும்போது கிளட்ச், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். ஃப்ளைவீல் போல்ட் மரைகளில் சீலன்ட் தடவச் சொல்ல மறக்காதீர்கள். தடவாத மரை வழியாகவும் ஆயில் வரும். புதுச் சீலுக்குத்தான் கெட்ட பெயர்.

வாங்க வேண்டியவை: சென்சார் ஓ-ரிங், பி.சி.வி வால்வு, கேம் சீல் இரண்டு, முன் கிராங்க் சீல், டாப் கவர் பேக்கிங், டைமிங் பெல்ட், டென்ஷனர், ஐட்லர். தண்ணீர் பம்ப்பும் அந்தக் கவர்களுக்குப் பின்னால்தான் ஒளிந்திருக்கிறது, திறந்தது திறந்தாயிற்று, அதையும் போடுங்கள். பின் சீலை இப்போது வாங்க வேண்டாம். வாங்கி அலமாரியில் வைத்தால் மாற்றியே ஆக வேண்டும் என்று கை அரிக்கும்.

எம்.ஓ.டி (அங்கே வருடா வருடம் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) சோதனைக்குப் பயப்படுகிறீர்களா? ஐந்து நிமிடத்துக்குள் தரையில் 75 மில்லிமீட்டருக்கு மேல் அகலமாகக் குளம் கட்டினால்தான் அதில் தோல்வி. ஒரு ராத்திரிக்கு உள்ளங்கை அளவு என்பது அந்தக் கணக்கில் வராது. அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள்.

கேள்வி: சார், எங்களிடம் 1989 மஸ்டா ஆர்எக்ஸ்-7 இருக்கிறது. காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை. ஆயில் சீல் மாற்றினால் போதும் என்கிறார் ஒருவர். ஒரு நாள் வேலையா?
— வாசகி, கோலாலம்பூர்

பதில்: இல்லை அம்மா. அது ரோட்டரி எஞ்சின், அதில் பிஸ்டனே கிடையாது. முக்கோண ரோட்டரின் இரு பக்கமும் ஆயிலைத் தடுக்கும் வளையங்கள் இருக்கின்றன, அவற்றுக்குள் ரப்பர் ஓ-ரிங்குகள். அந்த ரப்பர் வெந்து இறுகினால், நின்றிருக்கும் நேரத்தில் ஆயில் எரியும் அறைக்குள் இறங்கும். காலைப் புகை அதுதான். அங்கே போக எஞ்சினை இறக்கி, பிரித்து, தட்டுத் தட்டாக அடுக்கி வைக்க வேண்டும். வாரக்கணக்கில் ஆகும் வேலை, ரோட்டரி தெரிந்த கை வேண்டும். ஃப்ளைவீலைப் பிடித்திருக்கும் ஒற்றை நட்டே 54 மில்லி. அதற்கு சாக்கெட் வைத்திருக்கிறாரா என்று அந்த ஒருவரைக் கேளுங்கள், பதிலிலேயே ஆள் யாரென்று தெரிந்துவிடும்.

புகை இரண்டு நிமிடத்தில் அடங்கினால் அவசரமில்லை, ஆயில் மட்டத்தை வாரம் ஒரு முறை பார்த்து ஓட்டுங்கள். ரோட்டரி எஞ்சின் கொஞ்சம் ஆயில் குடிக்கத்தான் செய்யும். முனை சீல்களுக்கு வழவழப்பு வேண்டும் என்று ஒரு சின்ன பம்ப் வேண்டுமென்றே உள்ளே ஆயில் விடுகிறது. சூடானபின்னும் புகை நிற்கவில்லை என்றால்தான் பிரிக்கும் பேச்சு. வெளியே சொட்டும் ஆயிலுக்கு ஆயில் ஃபில்டர் உட்காரும் பீடத்தின் ஓ-ரிங்கை முதலில் பாருங்கள், அது சுலபம்.

கேள்வி: என் தாத்தாவின் 1959 எம்.ஜி.ஏ வண்டியைச் சீர் செய்கிறேன். பின் கிராங்க் சீல் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. எங்கே கிடைக்கும்?
— வாசகர், சென்னை

பதில்: எங்கேயும் கிடைக்காது, ஏனென்றால் அந்த எஞ்சினில் அப்படி ஒன்று கிடையாது. கிராங்க்கின் பின் முனையில் திருகு மரை மாதிரி ஒரு சுருள் வெட்டு இருக்கும். சுற்றும்போது அது ஆயிலைத் தேங்காய்த் துருவல் போல உள்பக்கம் ஒதுக்கித் தள்ளும். நின்றால் தள்ள ஆள் இல்லை, நாலு சொட்டு விழும். அடுத்து வந்த எம்.ஜி.பி-யில் ஐந்து பேரிங் கிராங்க் வந்தபோதுதான் பின்னால் உதட்டுச் சீல் போட்டார்கள். எம்.ஜி.ஏ-வுக்கும் சீல் பொருத்தும் கிட்டுகள் இப்போது விற்கிறார்கள், எஞ்சினை எப்படியும் பிரிக்கிறீர்கள் என்றால் யோசிக்கலாம். அதுவரை ஆயிலை டிப் ஸ்டிக்கின் மேல் கோட்டைத் தாண்டி ஊற்றாதீர்கள், மூச்சுக் குழாயைச் சுத்தமாக வையுங்கள், மூக்கு மேலே தூக்கிய சரிவில் நிறுத்தாதீர்கள். அடியில் ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளம். தாத்தாவும் அதைத்தான் செய்திருப்பார்.

கேள்வி: ஒழுக்கை நிறுத்தும் மருந்து என்று பாட்டிலில் விற்கிறார்களே, ஊற்றலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: அது காய்ந்த ரப்பரை ஊற வைக்கும், அவ்வளவுதான். கொஞ்சம் கெட்டியான சீலுக்குச் சில மாதம் கேட்கும். வெடித்த உதட்டுக்கும், பள்ளம் விழுந்த தண்டுக்கும் கேட்காது. விற்கப் போகிற வண்டியில் ஊற்றுகிறவர்களை எனக்குத் தெரியும். வாங்கப் போகிறவர் நீங்கள் என்றால், வண்டி பார்க்கப் போகும்போது எஞ்சின் மட்டும் புதுசாகக் கழுவியிருக்கிறதா என்று பாருங்கள். கழுவியிருந்தால் சாவியை வாங்கி அரை மணி நேரம் ஓட்டிவிட்டு, மறுபடியும் பானெட்டைத் திறக்கச் சொல்லுங்கள்.